தலைக்கு எட்டணா

ஆளுக்கு என்று எழுதியிருக்கலாம். ஆளுக்கு என்றாலும் நான்கெழுத்து, தலைக்கு என்றாலும் நான்கெழுத்து. அச்சுக்கூடத்துக்காரர் இரண்டுக்கும் ஒரே கூலிதான் வாங்கியிருப்பார். நான் தலைக்கு என்று எழுதினேன். அறியாமல் எழுதவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாற்றச் சொல்லியும் மாற்றாமல் எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் கடைசிவரை ஊர்க்காரர்களையே திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்போது புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தது. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். இருபத்தைந்து வயது. சம்பளம் சொற்பம், மண்டைக்கனம் ஏராளம். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கூடப் பிறந்தது ஒரே அக்காள். அவளும் அவள் புருஷனும்தான் என்னை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். அக்காள் புருஷனை எங்கள் பக்கத்தில் மச்சான் என்போம். மச்சான் அன்னவாசல் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் இருந்த லாட்ஜுக்கு வாசல்காரர்.

லாட்ஜ் என்றதும் இன்றைக்கு எல்லோருக்கும் ரூம் போட்டுத் தங்குகிற இடம்தான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. வக்கீல்கள், டாக்டர்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள், இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சகோதர சங்கம். ஒருவரை ஒருவர் 'பிரதர்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை சாயங்காலம் கூடுவார்கள். கூடினதும் ஜன்னல்களை எல்லாம் சாத்தித் திரை போட்டுவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் சத்தியம். கூட்டம் முடியும்வரை வாசலில் ஒரு ஆள் உருவிய வாளோடு நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்த ஆள்தான் எங்கள் மச்சான். பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டும், சிவப்புத் தலைப்பாகையும், வாளுமாக அவர் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

அந்த வாளின் லட்சணம் எங்களுக்கல்லவா தெரியும்! அக்காள் ஒரு தடவை அதைக்கொண்டு பலாப்பழம் வெட்டப் பார்த்தாள். முள்கூட நசுங்கவில்லை. "இதைப் பிடிச்சுக்கிட்டா மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க? எங்க அருவாமணை தேவலை" என்று சிரித்தாள். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது வெட்டுற வாள் இல்லடி, மரியாதை வாள்" என்று பிடுங்கிக்கொண்டு போய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்.

ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கு மரியாதை வாள் எது, வெட்டுகிற வாள் எது என்று யார் சொல்வது? சாத்தின ஜன்னல், வாசலில் வாள், உள்ளே ரகசியம். ஜனங்கள் அந்த இடத்துக்கு வைத்திருந்த பெயர் 'தலைவெட்டிக் கோயில்'. உள்ளே ஆளின் தலையை வெட்டிப் பூசை செய்கிறார்கள் என்று பேச்சு. அந்தக் காலத்தில் எங்கே பாலம் கட்டினாலும், பெரிய கட்டடம் எழுப்பினாலும், நிற்காமல் இடிந்து விழுகிறது, நரபலி கேட்கிறது என்று ஒரு புரளி கிளம்பும். பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள். இவை எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. 'அறியாத ஜனங்கள்' என்று சிரித்துக்கொண்டிருந்தவன் நான்.

லாட்ஜின் கொல்லைப்பக்கம் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று. அதுதான் அக்காள் வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ரோட்டில் போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க மச்சான் எப்போதும் பையில் பெப்பர்மென்ட் வைத்திருப்பார். டவுன் பிள்ளைகள் பழகிவிட்டார்கள், வாங்கிக்கொள்வார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் கோட்டைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள். ஓடினால் மச்சான் முகம் சுண்டிப்போகும்.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை. மெயின் ஹாலின் தேக்கு உத்தரம் ஒன்று கரையான் அரித்து ஏற்கெனவே உளுத்துப்போயிருந்தது. ஒரு நாள் காலையில் கூரையின் பாதி, நீலச் சாயம் பூசி நட்சத்திரம் நட்சத்திரமாக எழுதியிருந்ததே அந்த மேற்கூரை, அப்படியே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் வந்து விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. பிரதர்மார்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். செகரட்டரியாக இருந்த வக்கீல் மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பழைய கட்டடம், ரிப்பேருக்கு எக்கச்சக்கமாக ஆகும். பங்குனிக்குள் நிதி சேர்ந்தால் எடுத்துக் கட்டுவது. சேராவிட்டால் இடத்தை விற்றுவிட்டுத் திருச்சி லாட்ஜோடு சேர்ந்துவிடுவது. திருச்சியில் வாசல்காரர் ஏற்கெனவே இருக்கிறார்.

மச்சானுக்கு அப்போது ஐம்பதை நெருங்கின வயது. வாள் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. அக்காள் ரொம்பப் பேச மாட்டாள். அன்றைக்குச் சொன்னாள், "அந்தக் கூரை எந்திரிச்சாத்தான் நமக்குக் கூரை. இல்லைன்னா நாம எங்கிட்டுப் போறது?"

நிதி சேர்க்க பிரதர்மார்கள் ஒரு கார்டன் பார்ட்டி நடத்துவதென்று முடிவு செய்தார்கள். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை. லாட்ஜ் தோட்டத்தில் பந்தல், பேண்டு வாத்தியம், பாட்டுக் கச்சேரி, சிற்றுண்டி, பரிசுச் சீட்டு. பெரிய மனிதர்களுக்குத் தனி டிக்கெட். பொதுஜனங்களில் பெரியவர்களுக்கு எட்டணா, குழந்தைகளுக்கு நாலணா. ஜனங்கள் திரண்டு வந்து உள்ளே பார்த்தால்தான் அந்தக் கெட்ட பெயர் போகும் என்பது வக்கீலின் எண்ணம். நல்ல எண்ணம்தான். குறை சொல்ல முடியாது.

நோட்டீஸ் தமிழில் வேண்டுமே. பிரதர்மார்களில் தமிழில் நாலு வரி எழுதத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. மச்சான், "எங்க மாப்ள தமிழ் வாத்தியாருங்க" என்று பெருமையோடு என்னை இழுத்து விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வக்கீல் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வந்து, அக்காள் வீட்டில் உட்கார்ந்து, இரண்டு நாள் எழுதினேன். கட்டட ரிப்பேர் என்பதை எப்படித் தமிழில் எழுதுவது? 'திருப்பணி' என்று போட்டேன். புண்ணியமான சொல், ஜனங்கள் மதிப்பார்கள் என்று கணக்கு. கோயிலுக்குத்தானே திருப்பணி என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அதற்குக் கீழே டிக்கெட் விவரம்: 'பெரியவர்களுக்குத் தலைக்கு எட்டணா, சிறுவர்களுக்குத் தலைக்கு நாலணா.'

எழுதி முடித்து மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"எல்லாம் பிரமாதமா இருக்கு மாப்ள. அந்தத் தலைக்குங்கிறதை மட்டும் ஆளுக்குன்னு போட்டுருவமா?"

"ஏன் மச்சான்?"

"நம்ம எடத்துக்கு இருக்கிற பேரு அப்படி. அங்கிட்டு கிராமத்துல கேக்குறவங்க வேற மாதிரி நெனச்சுட்டாங்கன்னா?"

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்புச் சத்தம் என் காதில் கேட்கிறது. "ஆளுக்குங்கிறது சந்தையில பேசுற பேச்சு மச்சான். கூலி பேசுற மாதிரி இருக்கும். தலைக்குன்னு எழுதுறதுதான் எழுத்துத் தமிழ். பாடப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. நீங்க போற எடத்துலயும் தலைக்குன்னே சொல்லிப் பழகுங்க. பெரிய மனுசங்க நடத்துற காரியம், பேச்சும் பெருசா இருக்கணும்."

"அது சரி, நீ படிச்சவன். ஒனக்குத் தெரியாததா" என்றார். அடுப்படியில் அக்காள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி கேட்டது. அதை நான் அப்போது கவனித்ததாகவே நினைவில்லை. பல வருஷம் கழித்துத்தான் அது நினைவுக்கு வந்தது.

ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அச்சாகி வந்தது. நான் அதில் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கிராமங்களில் நோட்டீஸை யார் படிப்பார்கள்? அதனால் தமுக்கு அடிக்க ஏற்பாடு செய்தார்கள். தமுக்கு அடித்தவரிடம் நோட்டீஸை ஒருவர் வாசித்துக் காட்டினார். கேட்டதை அவர் தம் பாஷையில் சொல்லிக்கொண்டு போனார். லாட்ஜ் என்றால் யாருக்கும் விளங்காது என்பதால் ஊரறிந்த பெயரையே சொன்னார். அதில் அவர் குற்றம் என்ன இருக்கிறது? அன்னவாசல் பக்கத்து ஊர்களில் நாலு நாள் அவர் கூவிக்கொண்டு போனது இதுதான்:

"தலைவெட்டிக் கோயில் இடிஞ்சு விழுந்திருச்சு! திருப்பணி நடக்கப் போகுது! பெரிய தலைக்கு எட்டணா! சின்னத் தலைக்கு நாலணா! வர்ற சனிக்கெழமை, டும் டும் டும்!"

நானே ஒரு தாயாக இருந்து, வாசலில் பிள்ளையை விளையாட விட்டுவிட்டு இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ் போட்டிருப்பேன். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். எட்டணாவுக்கும் நாலணாவுக்கும் தலை பிடிக்க ஆள் வருகிறது என்று ஊருக்கு ஊர் தீயாகப் பரவிவிட்டது. அந்தப் பேச்சு டவுனுக்குள் எங்கள் காதுக்கு வந்து சேரவில்லை. மச்சான் கிளம்பிப் போன பிறகுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மச்சான் டிக்கெட் விற்கக் கிளம்பினார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே வக்கீலிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அன்னவாசலுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரைச் சொல்லி, அங்கே தம் பங்காளிகள் இருப்பதாகவும் ஐம்பது டிக்கெட்டாவது போகும் என்றும் சொன்னார். ஊர்ப் பெயரை நான் எழுத மாட்டேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் பிற்பாடு என்னிடமே படித்தார்கள்.

நீலக் கோட்டையும் தலைப்பாகையையும் எடுத்து மாட்டினார். அக்காள், "இந்த வெயில்ல கோட்டு எதுக்கு? வேட்டி சட்டையோட போயிட்டு வாங்க" என்றாள்.

"மதிப்பா போனாத்தான்டி மதிப்பா டிக்கெட்டு வாங்குவாங்க."

நோட்டீஸ் கட்டையும் டிக்கெட் புத்தகத்தையும் ஒரு சாக்குப்பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். பையில் பெப்பர்மென்ட்டும் நிறையப் போட்டுக்கொண்டார். எல்லாம் சேர்ந்துவிட்டது பாருங்கள். பிள்ளை பிடிக்கிறவன் எப்படி இருப்பான் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லுமே: கோட்டு, சாக்கு, மிட்டாய். நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரத்தில், "மச்சான், மறந்துராதீங்க, தலைக்கு" என்று சைக்கிளில் போய்க்கொண்டே கத்தினேன். அவர் கையை உயர்த்தினார்.

நடந்ததைப் பிற்பாடு அந்த ஊர் மணியக்காரரே வந்து சொன்னார். மத்தியானம் ஆண்கள் களத்தில் இருக்கிற நேரம். மச்சான் முதல் தெருவில் நுழைந்தார். அவர் சொன்ன பங்காளிகள் கொழும்புக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது; அவரை அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் ஊரில் இல்லை. ஒரு வேப்ப மரத்தடியில் நாலு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. மச்சான் உட்கார்ந்து பெப்பர்மென்ட்டை நீட்டினார். பிள்ளைகள் வாங்கிக்கொண்டன. அதைப் பார்த்து ஒரு பெண் வாசலுக்கு வந்து நின்றாள். மச்சான் எழுந்து, கும்பிட்டு, வாத்தியார் மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்த தமிழில் கேட்டார்:

"வீட்டுல பெரிய தலை எத்தனைம்மா? சின்னத் தலை எத்தனை?"

அவள் போட்ட கூச்சலில் களத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கூட்டத்தில் ஒருவன் டவுனுக்கு வண்டி ஓட்டிப் போகிறவன். "அட, இவன்தான்யா! வாள் வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறவன் இவன்தான்!" என்று அடையாளமும் சொல்லிவிட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா? கம்பு, உலக்கை, கையில் கிடைத்தது எல்லாம். மச்சான் நோட்டீஸை எடுத்து எடுத்துக் காட்டினாராம். படிக்கத் தெரிந்த ஒரே ஆளான மணியக்காரர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் வந்து ரோஸ் காகிதத்தை வாங்கிப் படித்தார். படித்தால் மட்டும் என்ன? அதிலும் தலைக்கு எட்டணா என்றுதானே இருந்தது! "ரெண்டு தரம் படிச்ச பெறகுதாங்க இது டிக்கெட்டுன்னு எனக்கே வெளங்குச்சு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மச்சானின் ரத்தத்தைத் துடைத்து, வைக்கோல் பரப்பிய வண்டியில் போட்டு, அடித்தவர்களே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தலையில்தான் அடி. வேறு எங்கே?

நான் போனபோது கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கண் முழுதும் வீங்கி மூடியிருந்தது. அக்காள் கால்மாட்டில் உட்கார்ந்து கோட்டின் பொத்தான்களைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தான் காணவில்லை. போலீஸ்காரர் வந்து, யார் யார் அடித்தது, அடையாளம் தெரியுமா என்று கேட்டார். மச்சான் தெரியாது என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார், "புள்ளைங்களுக்குப் பயந்து அடிச்சாங்க மாப்ள. எனக்கு ஒண்ணு இருந்திருந்தா நானும் அடிச்சிருப்பேன்."

தலைக்கு என்கிற வார்த்தையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால், எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லாமலே இருந்து என்னைக் கொன்றுவிட்டார்.

சனிக்கிழமை விழா நடந்தது. நிறுத்தவில்லை. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, பேண்டு செட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். வக்கீல் ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து வருத்தப்பட்டார், நிஜமான வருத்தம்தான். போகிறபோது தயங்கித் தயங்கி அக்காளிடம் சாவிக்கொத்தைக் கேட்டார். அது மச்சானின் அரைஞாணில் இருந்தது. அக்காளே அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டு, "வாசல்ல நிக்க ஆளில்லை வாத்தியார். நீங்க வந்து டிக்கெட் வாங்கிப் போட்டா உதவியா இருக்கும். வாள் எல்லாம் வேண்டாம்" என்றார்.

போனேன். எப்படிப் போனாய் என்று கேட்டால், கூரை எழுந்தால் அக்காளுக்கு வீடு உண்டு என்கிற ஒரே ஆசையில் போனேன். மச்சான் நிற்கிற இடத்தில் நின்றேன். பந்தலில் வாடகை நாற்காலிகளும் எங்கள் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளுமாக வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிரதர்மார்களும் அவர்கள் குடும்பங்களும் முன் இரண்டு வரிசையில் அடங்கிவிட்டார்கள். பின்னால் அத்தனையும் காலி. ரோட்டில் போன கட்டை வண்டிகள் லாட்ஜை நெருங்கியதும் மாட்டை விரட்டிக்கொண்டு பறந்தன. ஒரு பெண் இடுப்பிலிருந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு எதிர்ச் சாரியில் ஓடினாள். நான் வாசலில் வெறும் கையோடு நின்றேன். என்னைப் பார்த்துத்தான் ஓடினாள். பொதுஜன டிக்கெட் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை.

பேண்டு வாசித்தார்கள். பாட்டுக்காரர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பாடினார். தலைவர் இங்கிலீஷில் பேசினார், கைதட்டினார்கள். போண்டாவும் கேசரியும் அண்டா அண்டாவாக மிஞ்சிப்போயின. வக்கீல் ஒரு கூடையில் போண்டாவை வைத்து, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள் என்று என்னிடம் கொடுத்தனுப்பினார். மறுக்கத் தெம்பில்லை, வாங்கிக்கொண்டு போனேன்.

மச்சான் விழித்திருந்தார். எண்ணெய் வாசனை பட்டதும் திறந்திருந்த கண் என் பக்கம் திரும்பியது.

"கூட்டம் வந்துச்சா மாப்ள?"

அக்காள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "உக்கார எடமில்ல மச்சான். நின்னுக்கிட்டே கேட்டாங்க. அன்னவாசல், விராலிமலையில இருந்தெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாங்க."

"கூரை எந்திரிச்சிரும்?"

"எந்திரிச்சிரும்."

வீங்கின உதட்டோடு சிரித்தார். "எல்லாம் ஒன் எழுத்துக்கு வந்த கூட்டம் மாப்ள" என்றார்.

திங்கட்கிழமை காலையில் நினைவு தப்பியது. செவ்வாய்க்கிழமை போய்விட்டார். அடிபட்டு ஒரு வாரம் உயிரோடு இருந்தார்.

கூரை எழுந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை! கருமாதி முடிந்த மாதமே, சங்கத்தில் அங்கத்தினராக இருந்த செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் அந்த வாசலை மிதிக்கப் பயந்த கொத்தனார்கள் இப்போது தைரியமாக வந்தார்கள். சாரம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னை யாரென்று தெரியாமல் பீடி பற்ற வைத்தபடியே சொன்னார், "இனிமே பயமில்லைங்க. அது கேட்டதை வாங்கிக்கிருச்சு. வாசல்ல நின்னவரையே வாங்கிக்கிருச்சு."

ஊர் முழுக்க அதே பேச்சுத்தான். தலை கிடைத்தது, கட்டடம் நின்றது. நரபலி என்ற புரளியை ஒழிப்பதற்காக நடத்திய விழா, அதை நிஜமாக்கிக் காட்டிவிட்டது. நான் யாரிடம் போய் மறுத்துப் பேசுவேன்? தேதியைப் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

புது உத்தரம் ஏற்றி, மறுபடி நீலச் சாயம் பூசி, நட்சத்திரம் எழுதினார்கள். புது வாசல்காரர் வந்தார். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். அவர்களுக்கு அந்தச் சாய்ப்பு வேண்டியிருந்தது. வக்கீல் பக்குவமாகத்தான் சொன்னார், ஒரு மாதம் தவணையும் கொடுத்தார். அக்காள் மூன்றாம் நாளே காலி செய்துவிட்டாள். இரண்டு பானை, ஒரு டிரங்குப் பெட்டி, அந்தக் கோட்டு. எந்தக் கூரைக்காக மச்சான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனாரோ, அந்தக் கூரை ஜம்மென்று நிற்க, நாங்கள் அதன் அடியிலிருந்து வண்டியேறி வந்தோம்.

அதற்குப் பிறகு அக்காள் என்னோடுதான் இருந்தாள். எனக்குக் கல்யாணமாயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகச் சண்டை வந்து போயிற்று. நான் வகுப்பில் தலைக்கு என்ற வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டேன். எத்தனை கஷ்டம் தெரியுமா? தமிழில் எதை எடுத்தாலும் தலையில்தான் போய் நிற்கிறது: தலைவாசல், தலைவலி, தலைப்பு, தலைமை. மற்றதை எல்லாம் சொல்லிவிடுவேன். தலைக்கு மட்டும் வாயில் வராது. பங்குக் கணக்கு வந்தால் ஆளுக்கு என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நோட்டீஸ் எழுதிய அன்றைக்கு நடந்த பேச்சு எனக்கும் மச்சானுக்கும் மட்டும் தெரிந்தது, மச்சான் போய்விட்டார், அக்காளுக்குத் தெரியாது. அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கையால் சோறு வாங்கித் தின்றேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். என் பெண்ணுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுக் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "பதினாறு மாம்பழங்களை நான்கு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு எத்தனை? தலைக்கு எத்தனை? தலைக்கு…"

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பாய்ந்து போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிக் கொல்லைப்பக்கம் வீசினேன். "ஆளுக்குன்னு சொல்லு! ஆளுக்கு எத்தனைன்னு சொல்லு!" என்று கத்திக்கொண்டே அவள் முதுகில் இரண்டு அறை வைத்துவிட்டேன். அதுவரை நான் அவளைத் தொட்டு அடித்ததில்லை. குழந்தைக்கு அழக்கூட வரவில்லை, மலங்க மலங்க விழித்தாள்.

அடுப்படியிலிருந்து அக்காள் வந்தாள். கையெல்லாம் மாவு. கொல்லைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, கொண்டுவந்து குழந்தையின் மடியில் வைத்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புள்ளையை ஏன்டா அடிக்கிற? புத்தகத்துல இருக்கிறதைத்தானே படிக்குது" என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவரு அன்னிக்கு ஆளுக்குன்னு போடச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அடுப்படியிலதானே இருந்தேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சுடா. எந்திரிச்சு வந்து சொல்லத்தான் நெனச்சேன். தம்பி வாத்தியாரு, நாமதானே படிக்க வச்சோம், அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

பத்து வருஷம். பத்து வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் "அக்கா" என்றேன்.  அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் முதுகை மாவுக் கையால் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நீ படி ஆத்தா. பதினாறு பழம், நாலு பேரு. தலைக்கு எத்தனை?"

குழந்தை என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அப்புறம் பயந்து பயந்து, "தலைக்கு நாலு" என்றாள்.